குழந்தைகள் எழுதும் அமைதியும் கிங் கேட்ட அமைதியும்

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்காவில் அரசு விடுமுறை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை ஒட்டி வரும் நாள் அது. அந்தச் சமயத்தில் அங்குள்ள தொடக்கப்பள்ளிச் சுவர்களில் மேகம்போல வெட்டிய தாள்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் கிங்கின் புகழ்பெற்ற உரையில் வரும் 'எனக்கொரு கனவு உண்டு' என்று பாதி வாக்கியம் அச்சாகியிருக்கும். மீதியைக் குழந்தை நிரப்ப வேண்டும். உலகத்தில் சண்டையே கூடாது, யாரும் யாரையும் கேலி செய்யக் கூடாது, தெருவில் யாரும் தூங்கக் கூடாது, துப்பாக்கியே இருக்கக் கூடாது என்பதுபோல எழுதுவார்கள். நடுவில் யாராவது ஒரு பிள்ளை நாய்க்குட்டி வேண்டும் என்றும் எழுதிவைக்கும். ஏழு வயதில் அதுவும் நியாயமான கனவுதான்.

பார்க்கிற பெரியவர்கள் 'எவ்வளவு அழகா எழுதியிருக்கு' என்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிப்ரவரி வந்ததும் தாள்கள் இறங்கிவிடும்.

இந்தப் பயிற்சியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 'அழகு' என்று சொல்லி நகர்ந்துவிடும்போது ஒன்று விட்டுப்போகிறது. கிங் தலைமையேற்ற போராட்டத்தில் குழந்தைகளின் சொல் சுவரை அலங்கரிக்கும் பொருளாக இருந்ததில்லை. அது சாட்சியமாக இருந்தது. நீதிமன்றத்தில், சிறையில், போர் எதிர்ப்பு மேடையில் என்று மூன்று இடங்களிலும் அதற்கு எடை இருந்தது.

முதலில் நீதிமன்றம். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி ஒரு சோதனை நடத்தினார்கள். நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்த பொம்மைகளைச் சின்னஞ்சிறு கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எதனோடு விளையாட உனக்குப் பிடிக்கும் என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றும், பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றும் காட்டினார்கள். கடைசிக் கேள்வி, 'இதில் எது உன்னைப்போல இருக்கிறது?' அதைக் கேட்டதும் சில பிள்ளைகள் அழுதார்கள், சிலர் அறையைவிட்டே ஓடிவிட்டார்கள். 1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. சோதனையின் முறை பற்றிப் பிற்பாடு விமர்சனங்கள் வந்தன. பிரிவினைப் பள்ளி இல்லாத வடக்கு மாநிலப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதே பதிலைச் சொன்னார்களே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பொம்மையைச் சுட்டிக்காட்டிய பிஞ்சு விரல்களைச் சான்றாக எடுத்துக்கொண்டது சின்ன விஷயம் அல்ல.

கிங்குக்கு இது ஏட்டில் படித்த சங்கதி அல்ல. அட்லாண்டாவில் அவருக்குச் சிறு வயதில் ஒரு வெள்ளைக்காரத் தோழன் இருந்தான். அவனுடைய அப்பா எதிரே கடை வைத்திருந்தவர். ஆறு வயதில் இருவரும் தனித்தனிப் பள்ளிக்குப் போனார்கள். அப்புறம் ஒருநாள் அந்தப் பையன் வந்து, 'இனிமேல் உன்னோடு விளையாடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்' என்றான். அன்று சாப்பாட்டு மேஜையில்தான் நிறவெறி என்றால் என்ன என்பதைப் பெற்றோர் அவருக்கு விளக்கினார்கள். அன்றைக்கே எல்லா வெள்ளையரையும் வெறுப்பது என்று முடிவெடுத்ததாகக் கிங் தன் மாணவப் பருவக் கட்டுரை ஒன்றில் எழுதியிருக்கிறார். வெறுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. அவரை அமைதியின் உருவமாகவே பிறந்தவர்போலக் காட்டும் பாடப்புத்தகங்கள் இந்தப் பகுதிக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

1959இல் கிங் இந்தியா வந்தார். காந்தியின் மண்ணைப் பார்க்க வந்தவருக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் வேறொரு பாடம் காத்திருந்தது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலானோர் தீண்டாமைக்கு உள்ளான குடும்பத்துப் பிள்ளைகள். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ச்சியாகவும் எரிச்சலாகவும் இருந்தது, யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று பட்டது என 1965இல் ஒரு தேவாலய உரையில் கிங்கே சொன்னார்.

சரி, அமைதிக்கு வருவோம்.

1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கிங் கைதானார். கறுப்பின மக்களின் ஆர்ப்பாட்டங்கள் காலப் பொருத்தம் இல்லாதவை, பொறுமையாகப் போங்கள் என்று அந்நகர வெள்ளைக்கார மதகுருமார் எட்டுப் பேர் அறிக்கை விட்டார்கள். சிறையிலிருந்து கிங் எழுதிய பதில் கடிதம் புகழ்பெற்றது. ஏன் இனியும் காத்திருக்க முடியாது என்பதைச் சொல்ல அவர் அதில் தன் ஆறு வயது மகளை அழைத்துவருகிறார். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைப் பார்த்துவிட்டு, அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கிறாள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை என்று சொல்ல வரும்போது அப்பாவுக்கு நாக்குக் குழறுகிறது. மகளின் கண்ணில் நீர் முட்டுகிறது. அவளுடைய சின்ன மனவானத்தில் தாழ்வு மனப்பான்மையின் மேகங்கள் திரளத் தொடங்குவதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எழுதுகிறார். ஐந்து வயது மகன் வேறு, 'அப்பா, வெள்ளைக்காரர்கள் ஏன் நம்மை இவ்வளவு மோசமாக நடத்துகிறார்கள்?' என்று கேட்கிறான்.

அதே கடிதத்தில்தான் இரண்டு வகை அமைதியைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, பதற்றம் இல்லாதிருப்பது மட்டுமே. இன்னொன்று, நீதி இருப்பது. முதல் வகையை விரும்பும் மிதவாத வெள்ளையர்தான் வெளிப்படையான இனவெறியரைவிடப் பெரிய தடை என்கிற அளவுக்குப் போகிறார். மதகுருமார் கேட்டதும் அமைதிதான், கிங் கேட்டதும் அமைதிதான். பூங்கா வாசலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளை சத்தம்போடாமல் வீட்டுக்குப் போய்விட்டால் முதல் வகை அமைதி கிடைத்துவிடும்.

அடுத்த மாதமே அந்தப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். பர்மிங்ஹாமில் பெரியவர்கள் தயங்கினார்கள். ஊர்வலம் போனால் வேலை போகும், வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் போகும். ஜேம்ஸ் பெவல் என்ற இளம் அமைப்பாளர், அப்படியானால் மாணவர்களைக் கேட்போம் என்றார். கிங்குக்கு இதில் உடனே உடன்பாடு இல்லை. ஆனால் மாணவர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். கறுப்பின வானொலி அறிவிப்பாளர்கள், பூங்காவில் ஒரு கொண்டாட்டம் இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்ஷை மறக்காமல் எடுத்துவாருங்கள் என்று ஒலிபரப்பினார்கள். போலீசுக்கு அது விளையாட்டுப் பேச்சு. இரவு சிறையில்தான் படுக்கை என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

மே 2 அன்று பள்ளிகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறிப் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடினார்கள். அங்கிருந்து அணி அணியாகப் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள். போலீஸ் வண்டிகள் போதாமல் பள்ளிப் பேருந்துகளிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். சிறை நிரம்பியதும் பொருட்காட்சித் திடலில் அடைத்தார்கள். கைதானவர்களில் ஒன்பது வயதுச் சிறுமியும் உண்டு. மறுநாள் காவல் ஆணையர் புல் கானர், தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவிவிட்டார். தண்ணீரின் வேகத்தில் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற படங்கள் உலகமெங்கும் போயின.

அந்த நாட்களின் ஒரு காட்சியைக் கிங் பதிவு செய்திருக்கிறார். அம்மாவோடு நடந்துவந்த எட்டு வயதுக்கு மிகாத சிறுமியிடம் ஒரு போலீஸ்காரர் குனிந்து, விளையாட்டாகக் கடுமை காட்டி 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டார். அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்து, விடுதலை என்றாள். அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கக்கூட அவளுக்கு வரவில்லை.

பிள்ளைகளைப் போராட்டக் களத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. உண்மையான ஆண்கள் தங்கள் குழந்தைகளை முன்வரிசையில் நிறுத்தமாட்டார்கள் என்று மால்கம் எக்ஸ் கண்டித்தார். அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடியும் எச்சரித்தார். வெற்றி கிடைத்துவிட்டது என்பதற்காக இந்தக் கண்டனத்தைத் தள்ளிவிட முடியாது என்றே நினைக்கிறேன். ஒரு நாய் கொஞ்சம் ஆழமாகக் கடித்திருந்தால், ஒரு பிள்ளையின் தலை நடைபாதையில் மோதியிருந்தால், இதே வரலாற்றை நாம் வேறு குரலில் படித்திருப்போம். கிங்கின் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. தெருவில் இறங்காவிட்டாலும் இந்தப் பிள்ளைகள் பாதுகாப்பாக இல்லையே என்பதுதான் அதன் சாரம். பெற்றோரிடம், அவர்கள் சிறை செல்ல விரும்பினால் தடுக்காதீர்கள், தங்களுக்காக மட்டுமல்ல, மொத்த அமெரிக்காவுக்காகவும் மனிதகுலத்துக்காகவும் அவர்கள் ஒரு வேலையைச் செய்கிறார்கள் என்றார்.

மே 10 அன்று உடன்பாடு ஏற்பட்டது. கடைகளின் உணவு மேடைகள், குடிநீர்க் குழாய்கள், கழிப்பறைகள் எல்லாவற்றிலும் பிரிவினையை நீக்க வணிகர்கள் ஒப்புக்கொண்டார்கள். கல்வி வாரியம் சும்மா இருக்கவில்லை. போராட்டத்தில் கலந்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சில நாட்களிலேயே அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஜூனில் அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றிச் சிவில் உரிமைச் சட்டம் கொண்டுவரப்போவதாக அறிவித்தார்.

இத்தனையும் நடந்த பிறகுதான் ஆகஸ்ட் 28 வருகிறது. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் சுமார் இரண்டரை லட்சம் பேர். இன்று உலகமே மேற்கோள் காட்டும் 'கனவு' பகுதி எழுதிவைத்த உரையில் இல்லை. பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்திலிருந்து, கனவைப் பற்றிச் சொல்லுங்கள் மார்ட்டின் என்று குரல் கொடுத்தார். கிங் காகிதத்தை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். தன் நான்கு குழந்தைகளும் தோலின் நிறத்தால் அல்ல, குணத்தால் மதிப்பிடப்படும் நாட்டில் வாழ வேண்டும் என்றார். அப்போது மூத்தவளுக்கு ஏழு வயது, கடைக்குட்டிக்கு ஐந்து மாதம். அலபாமாவில் கறுப்பினச் சிறுவர் சிறுமியர் வெள்ளைக்காரச் சிறுவர் சிறுமியரோடு கைகோத்து நடக்க வேண்டும் என்றார். அதே அலபாமாவில் நான்கு மாதங்களுக்கு முன் சிறுவர்கள்மேல் நாய்களை விட்டிருந்தார்கள் என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிகளில் அதிகம் படிக்கப்படாதது அந்த உரையின் முற்பாதி. அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை 'பணம் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது, அதைப் பணமாக்கத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்று தொடங்குகிறார் கிங். கடன்காரனிடம் வசூலுக்கு வந்தவனின் பேச்சு அது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கனவை மட்டும் கொடுத்தால், குழந்தைகளும் 'எல்லோரும் அன்பாக இருக்க வேண்டும்' என்றுதான் எழுதுவார்கள். வேறென்ன எழுத முடியும்?

உரை முடிந்து 18 நாட்கள். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்ஹாம் பிள்ளைகள் எந்தத் தேவாலயத்திலிருந்து ஊர்வலம் கிளம்பினார்களோ, அதே தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த வெடிகுண்டு வெடித்தது. நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மக்நேருக்கு 11. அன்றைய ஞாயிறு பள்ளிப் பாடத்தின் தலைப்பு 'மன்னிக்கும் அன்பு'. மூன்று நாள் கழித்து இறுதிச் சடங்கில் பேசிய கிங், இவர்களைக் கொன்றது யார் என்று மட்டும் கேட்டால் போதாது, அந்தக் கொலைகாரர்களை உருவாக்கிய அமைப்பு எது, வாழ்க்கைமுறை எது என்றும் கேட்க வேண்டும் என்றார். யார் என்ற கேள்விக்கே நீதிமன்றத்தில் முதல் பதில் கிடைக்க 1977 வரை ஆனது. மற்ற இரண்டு தண்டனைகள் 2001இலும் 2002இலும் வந்தன.

போர் பற்றிய கிங்கின் பேச்சிலும் குழந்தைகள்தான் திருப்புமுனை. வியட்நாம் போரை அவர் முன்பே விமர்சித்திருந்தாலும், அரசைப் பகைத்துக்கொண்டால் சிவில் உரிமைப் பணி கெடும் என்ற யோசனை இருந்தது. 1967 ஜனவரியில் ஒரு பத்திரிகையில், நாபாம் என்ற தீக்குண்டுகளால் கருகிய வியட்நாம் குழந்தைகளின் படங்களைப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். சுவை சரியில்லையா என்று கேட்ட உதவியாளரிடம், இந்தப் போரை நிறுத்த என்னாலானதைச் செய்யும்வரை எதுவும் ருசிக்காது என்றாராம். அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் போரை நேரடியாக எதிர்த்துப் பேசினார். பெரிய நாளிதழ்கள் திட்டின. கூட இருந்த அமைப்புகளே விலகி நின்றன. சரியாக ஓராண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மெம்ஃபிஸ் போயிருந்த இடத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1966இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்கள் அவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். 2011இல் 94 சதவீதம் பேருக்கு அவர் நல்லவர். அவர் கோரிக்கைகளின் கூர் மழுங்கியதற்கும் இந்த ஏற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

விடுமுறையும் எளிதில் வந்துவிடவில்லை. அவர் இறந்த நான்காம் நாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் முன்வைத்த யோசனை 1983இல்தான் சட்டமானது. முதல் விடுமுறை 1986 ஜனவரி 20. ஐம்பது மாநிலங்களும் ஏற்க 2000 ஆனது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் இன்றும் அதே திங்கட்கிழமை, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைத்தளபதி ராபர்ட் லீக்கும் சேர்த்தே விடுமுறை. அங்கே ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் ஆசிரியர் பாடு திண்டாட்டம்தான்.

குழந்தைகளுக்கு அமைதி என்றால் என்ன என்று 1960கள் தொடங்கிப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். போர் என்றால் சட்டென்று விமானம், துப்பாக்கி, டாங்கி என்று சொல்லிவிடுவார்கள், வரைந்தும் காட்டுவார்கள். அமைதி என்றால் 'சண்டை இல்லாதது', 'சத்தமில்லாமல் இருப்பது' என்ற அளவில் நின்றுவிடும். நியாயம், உரிமை, சமரசம் எல்லாம் வயது ஏற ஏறத்தான் அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. ஆக, ஏழு வயதுப் பிள்ளை 'சண்டை கூடாது' என்று எழுதுவது இயல்பு. அதை அங்கேயே விட்டுவிடுவதா, 'எந்தச் சண்டை? எங்கே பார்த்தாய்?' என்று கேட்பதா என்பது பெரியவர்கள் கையில் இருக்கிறது. கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். தெருவில் தூங்குபவரைப் பற்றி எழுதிய பிள்ளை, பள்ளி வரும் வழியில் ஒருவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கேலி வேண்டாம் என்ற பிள்ளைக்கு, கேலி செய்கிறவன் பக்கத்துப் பெஞ்சிலேயே இருக்கலாம்.

கிங் மாணவர்களிடம் பேசிய விதத்திலும் இந்தக் கறார் இருந்தது. 1967 அக்டோபர் 26 அன்று பிலடெல்பியாவில் பாரட் நடுநிலைப் பள்ளியில் அவர் பேசியது கனவைப் பற்றி அல்ல, கட்டடத்துக்குப் போடும் வரைபடத்தைப் பற்றி. உங்கள் வாழ்க்கைக்கான வரைபடம் எது என்று கேட்டார். முதலில் உங்களை நீங்களே மதியுங்கள் என்றார். தெருக் கூட்டும் வேலை வாய்த்தால் மைக்கேலாஞ்சலோ ஓவியம் தீட்டியதுபோலக் கூட்டுங்கள் என்றார். அதோடு விடாமல், எரிப்பதற்குப் பதிலாகக் கட்டுங்கள், ஒன்றுகூடுங்கள், நீதிக்கான போராட்டத்தில் சேருங்கள் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதின்ம வயதைத் தொட்ட பிள்ளைகள்.

இன்றைய அமெரிக்கப் பிள்ளைகளின் தாள்களில் துப்பாக்கி அடிக்கடி வருவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் ஒடுங்கி உட்காரும் ஒத்திகை அங்கே எத்தனையோ பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் கொல்லப்பட்ட 20 குழந்தைகளும் ஆறு, ஏழு வயதுக்காரர்கள். அவர்கள் வயதுப் பிள்ளை 'துப்பாக்கி வேண்டாம்' என்று எழுதினால், அதைக் கனவு என்று வகைப்படுத்துவதே கொஞ்சம் வசதியான ஏற்பாடு.

2018 மார்ச் 24 அன்று, ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் தப்பிய மாணவர்கள் வாஷிங்டனில் பெரும் பேரணி நடத்தினார்கள். மேடையேறியவர்களில் கிங்கின் பேத்தி யோலாண்டா ரெனீ கிங்கும் ஒருத்தி. வயது ஒன்பது. தன் நான்கு குழந்தைகளைப் பற்றித் தாத்தா கண்ட கனவை நினைவூட்டிவிட்டு, எனக்கும் ஒரு கனவு உண்டு, இதுவரை நடந்தது போதும், இது துப்பாக்கி இல்லாத உலகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். கூட்டம் அவளோடு சேர்ந்து முழங்கியது.

பர்மிங்ஹாம் பிள்ளைகள் தெருவில் இறங்கிய 14 மாதங்களில், 1964 ஜூலை 2 அன்று, சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. பேத்தியின் தலைமுறை கேட்டதற்குப் பதில்போல ஒரு கூட்டாட்சிச் சட்டம் வர 2022 ஜூன் வரை ஆனது. அதற்கு ஒரு மாதம் முன்பு டெக்சாஸின் யுவால்டியில் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் இறந்திருந்தார்கள். துப்பாக்கி வாங்க வருபவர் 21 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் பின்னணியைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முக்கிய அம்சங்களில் ஒன்று.